இரண்டு விடை தரும் கேள்வி

வாலாஜாபாத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வுக்குத் தயார் செய்கிறேன். தேர்வானால் பன்னிரண்டாம் வகுப்பு வரை மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். கூலி வேலைக்குப் போகிற வீடுகளுக்கு அது பெரிய துணை. மனத்திறன் பகுதியில் 90 நிமிடத்துக்கு 90 கேள்விகள். கேள்வி இரண்டு விதமாகப் பொருள்பட்டால், நன்றாக யோசிக்கிற பிள்ளைதான் அதில் மாட்டிக்கொள்கிறது. மேலோட்டமாகப் படித்த பிள்ளை வட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறது. இதை என்னால் பொறுக்க முடிவதில்லை.

வரிசைக் கணக்கைப் பாருங்கள். குமார் இடமிருந்து 10ஆவது, செல்வி வலமிருந்து 8ஆவது, நடுவே 3 பேர். மொத்தம் எத்தனை பேர்? கூட்டினால் 21. செல்வி குமாருக்கு இடப்பக்கம் நின்றால் 13. இரண்டுமே சரி. விடைகளில் ஒன்றுதான் இருக்கிறதென்றால் அதையே குறிக்கச் சொல்வேன். இரண்டும் இருந்தால் 'தகவல் போதாது' என்ற விடையைத் தேட வேண்டும். அதுவும் இல்லையென்றால் 21. கேள்வி எடுப்பவர்கள் பெரும்பாலும் அந்த வரிசையைத்தான் மனத்தில் வைத்திருக்கிறார்கள்.

கூற்று–முடிவுக் கேள்விகள் இன்னும் சிக்கலானவை. 'எல்லா மாணவர்களும் தேர்ச்சி பெறவில்லை' என்றால் ஒருவர்கூடத் தேறவில்லையா, சிலர் மட்டும் தேறவில்லையா? பேச்சில் குரல் காட்டிக்கொடுத்துவிடும், தாளில் அது இல்லை. இரண்டு பொருளிலும் நிற்கிற முடிவைத் தேடச் சொல்கிறேன். 'சிலர் தேர்ச்சி பெறவில்லை' என்பது எப்படிப் படித்தாலும் உண்மை. 'இரண்டு மடங்கு அதிகம்' என்பதும் இப்படித்தான். 50க்கு அது 100ஆ, 150ஆ என்பதை விடைகளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பக்கத்திலேயே உத்திரமேரூர் கல்வெட்டு இருக்கிறது. நல்ல பாடம் அது. ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுத்த குடவோலைக்குப் பெயர் எழுத வயது வரம்பை 919இல் 30 முதல் 60 என்று வைத்தார்கள், 921இல் 35க்கு மேல், 70க்குக் கீழ் என்று மாற்றினார்கள். சரியாக 35 வயதுள்ளவர் தகுதி பெறுவாரா என்று பிள்ளைகளிடம் கேட்பேன். வாதம் அரை மணி நேரம் ஓடும். எல்லை எண் உள்ளே சேருமா என்று பார்க்கிற பழக்கம் அதில்தான் வருகிறது.

தேர்வு முடிந்த பிறகு கிடைக்கிற நியாயம் நிச்சயமில்லாதது. 2018 நீட் தமிழ்த் தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்கு போனது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 196 மதிப்பெண் தரச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. அதனால் கேள்வி எடுக்கிற ஆசிரியர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: அச்சுக்குப் போகும் முன், விடை தெரியாத இருவரிடம் தாளைக் கொடுத்துப் பாருங்கள்.

அதையும் மீறி அப்படிக் கேள்வி வந்துவிட்டால், குரூப் 4 எழுதுபவர்களுக்கு ஒரு வழி உண்டு. டி.என்.பி.எஸ்.சி. உத்தேச விடைகளை வெளியிட்டதும், கெடுவுக்குள் இணையத்திலேயே ஆட்சேபம் பதிவு செய்யலாம். வெறுமனே 'கேள்வி தவறு' என்று எழுதாதீர்கள். முதல் பொருளில் இந்த விடை, இரண்டாம் பொருளில் அந்த விடை என்று கணக்கோடு காட்டி, பாடநூல் பக்கத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.