கூட்டுப் பணியும் கோப்புப் பகிர்வும்

நுழையும்முன்

செய்தியை அனுப்புவது ஒரு கலை. உரியவருக்கு மட்டும் சேருமாறு அனுப்புவது அதனினும் நுட்பமான கலை. ஓலையில் எழுதிய காலம்தொட்டு இணையத்தில் கோப்புகளைப் பகிரும் இக்காலம்வரை மனிதர் இதற்கு வழி தேடி வந்துள்ளனர். குழுவாகப் பணியாற்றுவோர் தம் கோப்புகளைப் பாதுகாப்பாகப் பகிர்ந்துகொள்ளும் முறையை விளக்குகிறது இப்பாடம்.

மண்பொறி

சிலப்பதிகாரத்தின் புறஞ்சேரி இறுத்த காதையில், மாதவி எழுதிய ஓலையைக் கோசிகன் கோவலனிடம் கொண்டுவந்து கொடுக்கிறான். சுருட்டிய அவ்வோலையின்மேல் இட்ட மண் இலச்சினையில் மாதவியின் கூந்தல் பதிந்திருக்கிறது. அது மாதவியின் ஓலை என்பதை அவ்விலச்சினையும் கோவலனுக்கு உணர்த்துகிறது. இலச்சினை உடையாமல் இருந்தால் இடையில் எவரும் ஓலையைப் பிரிக்கவில்லை என்பதும் தெளிவாகும். அனுப்பியவர் யார், இடையில் எவரேனும் பார்த்தனரா என்னும் இவ்விரு வினாக்களே இன்றைய கோப்புப் பாதுகாப்புக்கும் அடிப்படையாகும்.

கோப்புகளின் பயணம்

கணினிகளுக்கிடையே கோப்புகளை அனுப்புவதற்கான விதிகளின் தொகுப்பு, கோப்புப் பரிமாற்ற நெறிமுறை எனப்படும். கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற அபய் பூஷண், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இருந்தபோது 1971ஆம் ஆண்டு இதன் முதல் வடிவத்தை எழுதினார். அன்றைய வலையமைப்பில் இணைந்திருந்தோர் மிகச் சிலரே. எனவே, அந்நெறிமுறையில் கடவுச்சொல்லும் கோப்பின் உள்ளடக்கமும் மறைக்கப்படாமலேயே பயணித்தன. வலையமைப்பு உலகளாவிய இணையமாக விரிந்தபின் அம்முறை போதாதாயிற்று.

பின்னர், மின்னஞ்சலுடன் கோப்பை இணைத்து அனுப்பும் வழக்கம் பரவியது. இதில் வேறொரு இடர் எழுந்தது. ஒரு கட்டுரையை ஐவருக்கு அனுப்பினால் ஐந்து படிகள் உருவாகும். ஐவரும் தனித்தனியே திருத்தினால் எது இறுதிப் படி என்பது எவருக்கும் தெரியாது. கோப்பை ஓரிடத்தில் வைத்து, அனைவரும் அங்கேயே வந்து பணியாற்றச் செய்யும் மேகச் சேமிப்பு இதற்குத் தீர்வாக அமைந்தது. 2007இல் தொடங்கப்பட்ட டிராப்பாக்ஸ், 2012இல் அறிமுகமான கூகுள் டிரைவ் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை.

யாருக்கு எவ்வளவு உரிமை?

பதினொன்றாம் வகுப்பு மாணவர் ஐவர், தம் ஊரின் கைத்தறி நெசவு பற்றி ஆய்வுத்திட்டம் ஒன்றை மேற்கொள்வதாகக் கொள்வோம். முதிய நெசவாளர்களின் நேர்காணல் ஒலிப்பதிவுகள், குடும்ப ஒளிப்படங்கள், பழைய கூலிக் கணக்கேடுகள் ஆகியவை திரட்டப்படுகின்றன. ஒரு முதியவர் தாம் பட்ட கடனைப் பற்றியும் மனம்விட்டுப் பேசியிருக்கிறார். அவர் பேசியது தம் முன் அமர்ந்த மாணவர்களை நம்பியே. ஊரார் அனைவரும் கேட்பதற்காக அன்று. அந்நம்பிக்கையைக் காப்பது குழுவின் முதற்கடமை.

மேகச் சேமிப்பில் ஒரு கோப்புறையை உருவாக்கியவர் பிறருக்கு மூவகை உரிமைகளை வழங்கலாம். பார்வையிடும் உரிமை பெற்றவர் கோப்பைப் படிக்கலாம், மாற்ற இயலாது. கருத்திடும் உரிமை பெற்றவர் குறிப்பெழுதலாம். திருத்தும் உரிமை பெற்றவர் உள்ளடக்கத்தையே மாற்றலாம். கட்டுரை எழுதும் ஐவருக்குத் திருத்தும் உரிமையும், வழிகாட்டும் ஆசிரியருக்குக் கருத்திடும் உரிமையும் போதுமானவை. மூல ஒலிப்பதிவுகளைப் பார்வைக்கு மட்டும் வைப்பது நன்று. தேவைக்கு மேல் உரிமை வழங்காமையே இதன் நெறி.

அடுத்து நோக்கத்தக்கது, கோப்புக்குச் செல்லும் இணைப்பு. ‘இணைப்பு உள்ள எவரும்’ என்னும் அமைப்பைத் தெரிவுசெய்தால், அவ்விணைப்பே திறவுகோல் ஆகிவிடும். ஒருவர் அதை வேறொரு வாட்ஸ்அப் குழுவில் இட்டுவிட்டால், பெயர் அறியாத எவரும் கோப்பைத் திறக்கலாம். ‘குறிப்பிட்டவர் மட்டும்’ என்று அமைத்தாலோ, இணைப்பு கைமாறினாலும் அனுமதிக்கப்பட்ட கணக்கின்றித் திறக்க இயலாது. முதலாவது எளிது, இரண்டாவது பாதுகாப்பானது. நெசவாளரின் குரல் அடங்கிய கோப்புறைக்கு இரண்டாவதே பொருந்தும்.

மறைகுறியாக்கம்

படிக்கத்தக்க செய்தியை, திறவுகோல் இல்லாதவர் படிக்க இயலாத வடிவுக்கு மாற்றுவது மறைகுறியாக்கம் ஆகும். பூட்டுவதற்கும் திறப்பதற்கும் ஒரே திறவுகோல் என்றால், அத்திறவுகோலை மறுமுனையில் இருப்பவருக்கு எவ்வாறு பாதுகாப்பாக அனுப்புவது? நெடுங்காலம் நீடித்த இச்சிக்கலுக்கு விட்ஃபீல்டு டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் ஆகியோர் 1976இல் புதுவழி காட்டினர்.

அவ்வழியை ஓர் உவமையால் விளங்கிக்கொள்ளலாம். ஒருவர் திறந்த நிலையிலுள்ள பூட்டுகளைப் பலருக்கும் கொடுத்துவிட்டு, திறவுகோலைத் தம்மிடமே வைத்துக்கொள்கிறார். யார் வேண்டுமானாலும் பெட்டியில் பொருளை வைத்து அப்பூட்டால் பூட்டி அனுப்பலாம். திறக்கக்கூடியவர் அவர் ஒருவரே. பூட்டு, பொதுத் திறவுகோலையும், அவரிடம் உள்ளது தனித் திறவுகோலையும் குறிக்கும்.

அனுப்புநர், பெறுநர் ஆகியோரின் கருவிகளில் மட்டுமே செய்தி திறக்கப்படும் முறை, முனைக்கு முனை மறைகுறியாக்கம் எனப்படும். வாட்ஸ்அப் 2016இல் இதை முழுமையாக நடைமுறைப்படுத்தியது. பொதுவான மேகச் சேமிப்புகளிலும் கோப்புகள் மறைகுறியாக்கம் செய்யப்படுகின்றன. எனினும் பெரும்பாலும் திறவுகோல் சேவை வழங்கும் நிறுவனத்திடமே இருக்கும். ஆகவே, மிகவும் அந்தரங்கமான கோப்பைக் கடவுச்சொல்லிட்டுப் பூட்டியபின் பதிவேற்றலாம். அக்கடவுச்சொல்லைக் கோப்பு செல்லும் வழியிலேயே அனுப்பாமல், நேரிலோ தொலைபேசியிலோ தெரிவிக்க வேண்டும்.

> தெரியுமா?
> திறன்பேசியில் எடுக்கும் ஒளிப்படத்துடன், எடுத்த நாள், நேரம் ஆகியவையும், இருப்பிட வசதி இயங்கினால் எடுத்த இடமும் பதிவாகும். படத்தில் முகம் தெரியாவிட்டாலும் வீடு இருக்குமிடத்தை இக்குறிப்பு காட்டிக்கொடுக்கக்கூடும். பகிருமுன் இதனை நீக்குதல் நலம்.

கருவியின் எல்லை

எவ்வளவு வலிய பூட்டும் வெளியாரையே தடுக்கும். குழுவுக்குள் இருப்பவர் ஒரு கோப்பைப் படியெடுத்து வெளியிட்டால் எந்த மறைகுறியாக்கமும் அதைத் தடுக்க இயலாது. பணி முடிந்து விலகியவரின் அனுமதியை நீக்கலாம்; அவர் முன்னரே பதிவிறக்கிய படியைத் திரும்பப் பெற இயலாது. ஆதலின், எதைப் பகிரலாம், எதுவரை வைத்திருக்கலாம் என்பதைப் பணியின் தொடக்கத்திலேயே குழுவினர் பேசி முடிவுசெய்தல் வேண்டும். கணக்குகளுக்கு இருபடிச் சரிபார்ப்பை அமைத்தலும், பொதுக் கணினியைப் பயன்படுத்தியபின் மறவாமல் கணக்கிலிருந்து வெளியேறுதலும் இன்றியமையாதவை.

அந்தரங்கத்திற்கான உரிமை அடிப்படை உரிமையே என்று இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அடங்கிய அமர்வு 2017ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள் தீர்ப்பளித்தது. அவ்வுரிமை கோப்புறையில் குரலாகப் பதிவாகியிருக்கும் நெசவாளருக்கும் உண்டு. மண்பொறியை உடைக்காமல் ஓலையைக் கொண்டுசேர்த்த கோசிகனின் நேர்மை, இன்று கோப்பைக் கையாளும் ஒவ்வொருவரிடமும் எதிர்பார்க்கப்படுகிறது.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் வகுப்பின் ஆய்வுத்திட்டக் கோப்புறையில் யார் யாருக்கு எவ்வகை உரிமை வழங்கலாம் என அட்டவணைப்படுத்துக.
2. நேர்காணல் அளிப்பவரிடம் பெறவேண்டிய ஒப்புதல் கடிதத்தின் மாதிரி ஒன்றை எழுதுக.

மதிப்பீடு

குறுவினா
1. மாதவியின் ஓலையில் இருந்த மண் இலச்சினை உணர்த்தியது யாது?
2. மேகச் சேமிப்பில் வழங்கப்படும் மூவகை உரிமைகள் யாவை?

சிறுவினா
பொதுத் திறவுகோல், தனித் திறவுகோல் ஆகியவற்றை உவமையுடன் விளக்குக.

நெடுவினா
‘பூட்டு வெளியாரையே தடுக்கும்’ – குழுவினரின் பொறுப்புகளைப் பாடப்பகுதிவழி நிறுவுக.