வெயிலில் இயங்க மறுக்கும் மோட்டார் சைக்கிள்: பேட்டரி, ஸ்டார்ட்டர் கோளாறுகளைக் கண்டறிதல்

ஆகஸ்ட் மாத மாலையில் உணவகம் ஒன்றின் வாயிலில் விநியோக ஓட்டுநர் ஒருவர் செல்ஃப் பொத்தானை அழுத்துகிறார், வண்டி இயங்கவில்லை. பெட்டிக்குள் உணவு ஆறிக்கொண்டிருக்கிறது. கைப்பேசித் திரையில் நேரம் குறைந்துகொண்டே வருகிறது. இத்தகைய பதற்றத்தில் பலரும் எடுக்கும் முடிவு, பேட்டரி போய்விட்டது, புதியது வாங்கவேண்டும் என்பதே. அம்முடிவு தவறாக இருந்தால், புதிய பேட்டரியும் சில வாரங்களில் அதே நிலைக்கு வந்துசேரும். ஆகவே பணம் செலவழிக்கும் முன் அளந்து பார்த்தல் நலம். அதற்கு வேண்டியவை கூர்ந்து கேட்கும் காதும், மலிவான மல்டிமீட்டர் ஒன்றும்.

குளிர்தான் பேட்டரிக்குப் பகை என்னும் கருத்து குளிர்நாட்டுக் கையேடுகளிலிருந்து பரவியது. குளிர் பேட்டரியின் ஆற்றலைத் தற்காலிகமாகக் குறைக்கிறது. வெப்பமோ அதன் ஆயுளையே உண்கிறது. 1859இல் பிரெஞ்சு அறிஞர் காஸ்தோன் பிளாந்தே உருவாக்கிய ஈய அமிலப் பேட்டரியின் அடிப்படை வேதியியல் இன்றளவும் மாறவில்லை. ஈயத் தகடுகளும் நீர்த்த கந்தக அமிலமும் கொண்ட ஆறு செல்கள், ஒவ்வொன்றும் சுமார் 2 வோல்ட் வீதம், 12 வோல்ட் பேட்டரியாக அமைகின்றன. வெப்பநிலை 10 பாகை உயர்ந்தால் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர்கள் கைக்கொள்ளும் தோராயக் கணக்கு. 2025 மே 24 அன்று அல் ஐன் பகுதியிலுள்ள சுவைஹானில் 51.6 பாகை செல்சியஸ் பதிவாயிற்று. அது நிழலில் அளக்கப்படும் காற்றின் வெப்பம். வெயிலில் நிறுத்திய வண்டியின் இருக்கைக்கு அடியில், எஞ்சினின் சூட்டையும் சேர்த்து வாங்கும் பேட்டரியின் நிலையை வாசகரே எண்ணிப் பார்க்கலாம். ஊரில் பல ஆண்டுகள் உழைத்த அதே வகைப் பேட்டரி இங்கே விரைவில் தளர்ந்தால் அதில் வியப்பில்லை. கோடையில் நேர்ந்த சேதம் டிசம்பர் மாத விடியற்காலையில் வெளிப்படுவதும் உண்டு.

பொத்தானை அழுத்தியதும் எழும் ஓசையே முதற் சான்று. 'டிக் டிக் டிக்' என்று விடாமல் கேட்டால் ரிலேக்கு மின்சாரம் வருகிறது, ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுழற்றும் அளவுக்கு வலு இல்லை என்று பொருள். பேட்டரி இறங்கியிருக்கலாம், அல்லது முனைகளில் கம்பி தளர்ந்தோ, வெண்மையாகவும் பச்சையாகவும் உப்புப் பூத்தோ இருக்கலாம். கடற்கரை நகரங்களின் ஈரக்காற்றில் இப்பூப்பு விரைவில் ஏறும். முனைகளைக் கழற்றிச் சுரண்டித் துடைத்து இறுக்கினாலே வண்டி இயங்கிவிடக்கூடும். கழற்றும்போது எதிர்முனையை முதலிலும், பூட்டும்போது அதனைக் கடைசியிலும் கையாளவேண்டும். ஸ்பானர் தவறிச் சட்டத்தில் பட்டாலும் தீப்பொறி எழாது.

ஒரே ஒரு 'டக்' ஓசையோடு நின்றுவிட்டால் ரிலேயின் உட்தொடர்பையோ ஸ்டார்ட்டர் மோட்டாரையோ ஐயுறவேண்டும். ஓசையே இல்லையெனில் பேட்டரியைப் பழிக்கும் முன் ஃபியூஸ், எஞ்சினை நிறுத்தும் சிவப்புப் பொத்தான், கிளட்ச் சுவிட்சு, சைடு ஸ்டாண்டு சுவிட்சு ஆகியவற்றைப் பார்க்கவேண்டும். மணல் புகுந்த சைடு ஸ்டாண்டு சுவிட்சு, ஸ்டாண்டு கீழே இருப்பதாகவே வண்டிக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். மோட்டார் நன்றாகச் சுழன்றும் எஞ்சின் பற்றவில்லையென்றால் குறை பெரும்பாலும் பேட்டரியில் இல்லை. எரிபொருளிலோ ஸ்பார்க் பிளக்கிலோ தேடவேண்டும். வண்டி சாய்ந்து விழுந்தபின் இவ்வாறு நேர்ந்தால், சாய்வை உணரும் கருவி எஞ்சினை நிறுத்தியிருக்கக்கூடும். பல வண்டிகளில் சாவியை ஒருமுறை அணைத்துத் திறந்தால் அது சரியாகிவிடும். இதை அறியாமல் மெக்கானிக்கை அழைத்துக் காத்திருந்தவர் பலர்.

அடுத்தது அளவீடு. எஞ்சினை அணைத்துச் சில மணி நேரம் கழித்து அளக்கையில் 12.6 முதல் 12.8 வோல்ட் இருந்தால் பேட்டரி நிறைவாக உள்ளது. 12.4 என்பது ஏறக்குறைய முக்கால் பங்கு, 12.2 பாதி; 12க்குக் கீழே இறங்கினால் காலி என்றே கொள்ளலாம். எனினும் ஓய்வுநிலை அளவை மட்டும் நம்பலாகாது. பொத்தானை அழுத்தியபடியே மீட்டரைப் பார்க்கவேண்டும். நிறைவாக இருந்த பேட்டரி அப்போது 10 வோல்ட்டுக்கும் கீழே சரிந்தால் அது உள்ளே நலிந்துவிட்டது; மாற்றத்தான் வேண்டும். மூன்றாவது அளவீட்டைத்தான் பலர் விட்டுவிடுகின்றனர். எஞ்சினை இயக்கிச் சற்றே முடுக்கிப் பிடித்தால் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை காட்டவேண்டும். 13க்குக் கீழே நின்றால் வண்டி பேட்டரிக்கு மின்னேற்றவில்லை. 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டு, பேட்டரியைக் கொதிக்கவைக்கிறது. இவ்விரண்டும் புதிய பேட்டரியையும் விரைவில் கொன்றுவிடும்.

பழுதே இல்லாமல் பேட்டரி இறங்குவதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. வண்டியில் பொருத்திய இடங்காட்டிக் கருவி, சாவி அணைந்திருக்கையிலும் 10 மில்லி ஆம்பியர் இழுப்பதாகக் கொள்வோம். ஒரு நாளைக்கு 0.24 ஆம்பியர் மணி; 4 ஆம்பியர் மணிப் பேட்டரி 17 நாளில் தீர்ந்துவிடும். விடுமுறையில் 40 நாள் ஊருக்குச் செல்பவர் எதிர்முனைக் கம்பியைக் கழற்றி வைத்துச் செல்லவேண்டியது இதனால்தான். காலியாகவே கிடக்கும் பேட்டரியில் தகடுகளின் மேல் உப்புப் படிந்து இறுகிவிடும். பிறகு மின்னேற்றினாலும் பழைய வலு முழுமையாகத் திரும்பாது.

மின்னேற்றும்போது பேட்டரி ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடும். பலர் சேர்ந்து தங்கும் மூடிய அறையிலோ சமையலறையிலோ மின்னேற்றுவது அபாயம். காற்றோட்டமான இடத்தில், கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியரில் மெதுவாக ஏற்றவேண்டும். நீர் ஊற்றும் வகையாயின் காய்ச்சி வடித்த நீரை மட்டுமே ஊற்றலாம். வளைகுடாவின் குழாய்நீர் கடல்நீரைச் சுத்திகரித்ததுதானே என்று எண்ணவேண்டா. குடிப்பதற்கேற்ப அதில் தாதுக்கள் சேர்க்கப்படுகின்றன. காரிலிருந்து கம்பியிட்டு இயக்க நேர்ந்தால் காரின் எஞ்சின் அணைந்திருக்கவேண்டும்.

மழை வேறொரு பாடம். 2024 ஏப்ரல் 16 பெருமழையின்போது அல் ஐனின் கத்ம் அல் ஷக்லாவில் 24 மணி நேரத்துக்குள் 254.8 மில்லிமீட்டர் பதிவாயிற்று. 1949இல் பதிவுகள் தொடங்கியது முதல் அதுவே நாட்டின் மிக அதிக அளவு. நீரில் மூழ்கிய வண்டியைச் செல்ஃப் போட்டுப் பார்க்கலாகாது. சிலிண்டருக்குள் புகுந்த நீர் அமுங்காது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, ஸ்பார்க் பிளக்கை நீக்கி நீரை வெளியேற்றி, எஞ்சின் ஆயிலை மாற்றிய பின்னரே முயலவேண்டும்.

வண்டி நிறுவனத்துடையதாயின் செலவு யாருடையது என்னும் வினா எழும். அமீரகத்தின் 2021ஆம் ஆண்டு 33ஆம் எண் தொழிலாளர் சட்டம், தன் 25ஆம் பிரிவில் ஊதியப் பிடித்தத்துக்குரிய காரணங்களை வரையறுக்கிறது. கருவிகளுக்கு நேர்ந்த சேதத்துக்காகப் பிடிப்பதற்கு, அது தொழிலாளியின் தவற்றாலோ அறிவுறுத்தலை மீறியதாலோ நேர்ந்திருக்கவேண்டும். காரணங்கள் பலவாயினும் மொத்தப் பிடித்தம் ஊதியத்தில் பாதியைத் தாண்டலாகாது. வெப்பத்தில் தானே தேய்ந்த பேட்டரியைத் தொழிலாளியின் தவறு எனல் அரிது. ஆயினும் அதைக் காட்டச் சான்று வேண்டும். மூன்று அளவீடுகளையும் தேதியுடன் குறித்து, மீட்டரைப் படமெடுத்து, பழுது கண்ட அன்றே மேற்பார்வையாளருக்கு எழுத்தில் தெரிவித்துவிடுவது நன்று. பிணக்கு எழுந்தால் மனிதவள மற்றும் அமீரகமயமாக்கல் அமைச்சிடம் முறையிடும்போது அக்குறிப்புகள் துணைசெய்யும்.

பழைய பேட்டரியில் ஈயமும் அமிலமும் எஞ்சியிருக்கும். அதைக் குப்பைத்தொட்டியில் போடாமல், புதியது வாங்கும் கடையிலேயே கொடுத்துவிடவேண்டும். ஈயத்துக்கு விலை உண்டு என்பதால் சில கடைகள் அதற்கென ஒரு தொகையைக் கழித்துக்கொள்வதும் உண்டு.