ஓடும் வண்டியின் நோய்க்குறிகள்

மாட்டு வண்டி ஓட்டுபவன் கடையாணி தளர்ந்துவிட்டதை ஓசையினாலேயே அறிந்துகொள்வான். மோட்டார் வண்டியும் தன் குறையை முன்னரே அறிவிக்கும் இயல்புடையது. எஞ்சின் பழுதுற்றால் வண்டி பெரும்பாலும் வழியில் நின்றுவிடும், பயணம் தடைப்படும், அவ்வளவே. ஆனால், வண்டியைத் திருப்பும் உறுப்புகளுள் ஒன்று கழன்றுவிடுமாயின், ஓட்டுபவர் கையிலுள்ள ஸ்டியரிங் வெறும் வளையமாகிவிடும். சக்கரம் தான் போன வழியே போகும். எனினும், அவ்வுறுப்பு ஒரே நாளில் கழல்வதன்று. பல திங்கள்களாகத் தன் தேய்வைக் குறிகளால் உணர்த்திக்கொண்டே இருக்கும்.

குறிகளை அறியுமுன் உறுப்புகளை அறிதல் வேண்டும். ஸ்டியரிங்கோடு இணைந்த தண்டின் அடியில் சிறு பற்சக்கரம் ஒன்று உண்டு. அது சுழலும்பொழுது, பற்கள் வெட்டப்பட்ட நீண்ட சட்டம் ஒன்று இடமும் வலமுமாக நகரும். சட்டத்தின் இரு முனைகளிலும் உள்ள டை ராடுகள் முன்சக்கரங்களைத் தள்ளியும் இழுத்தும் திருப்பும். வங்காளத்து உத்தரபாராவில் 2014 வரை செய்யப்பட்ட அம்பாசடர் காரில் இவ்வமைப்பே இருந்தது. இன்றைய கார்களிற் பெரும்பாலானவற்றிலும் இதுவே உள்ளது. வளைவில் உட்புறச் சக்கரம் சிறிய வட்டத்திலும் வெளிப்புறச் சக்கரம் பெரிய வட்டத்திலும் செல்கின்றன. ஆதலின் இரண்டும் ஒரே அளவு திரும்புதல் கூடாது. குதிரை வண்டிகள் ஓடிய காலத்திலேயே மூனிக் நகரத்து வண்டி செய்வோராகிய லாங்கன்ஸ்பெர்கர் என்பவர் இதற்கு ஒரு வழி கண்டார். அவர் சார்பில் 1818 ஆம் ஆண்டு இலண்டனில் காப்புரிமை பெற்றவர் ருடால்ப் ஆக்கர்மன். கண்டவர் பெயரை உலகம் மறந்தது. பதிந்தவர் பெயராலேயே அம்முறை இன்றும் வழங்குகிறது.

வண்டியின் எடையைத் தாங்குவன வில்கள். தமிழ்நாட்டு வில்வண்டிக்கு அப்பெயரைத் தந்த எஃகுப் பட்டைகள் போன்றனவே அம்பாசடரின் பின்புறத்தையும் தாங்கின. இக்காலக் கார்களிற் சுருள்வில்களே மிகுதி. வில் மட்டும் இருப்பின், ஒரு பள்ளத்தில் இறங்கிய வண்டி ஊஞ்சலைப்போல நெடுநேரம் ஆடும். அவ்வாட்டத்தை அடக்குவது ஷாக் அப்சார்பர். அதிர்ச்சியை வாங்குவது என்பது அப்பெயரின் பொருள். அஃது அத்துணைப் பொருத்தமன்று. அதிர்ச்சியை வாங்குவது வில்லே. ஷாக் அப்சார்பர் தன்னுள் உள்ள எண்ணெயைச் சிறு துளைகளின் வழியே புகுத்தி, வில்லின் ஆட்டத்தைத் தணிக்கிறது.

இனிக் குறிகளைக் காண்போம். மருத்துவர் நாவைப் பார்ப்பதுபோல, மெக்கானிக் முதலிற் பார்ப்பது டயரை. அதன் இரு விளிம்புகளும் தேய்ந்து நடுப்பகுதி தேயாதிருப்பின் காற்று குறைவு. நடு மட்டும் தேய்ந்திருப்பின் காற்று மிகுதி. ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்திருப்பின் சக்கரத்தின் சாய்வோ நேரோ பிறழ்ந்திருத்தல் கூடும். கையால் தடவும்பொழுது டயர் ஒருபுறம் வழவழப்பாகவும் மறுபுறம் அரம்போலவும் படுமாயின், முன்சக்கரங்கள் ஒன்றுக்கொன்று நேராக இல்லை என்பது தெளிவு. அங்கங்கே குழி குழியாகத் தேய்ந்திருப்பது பெரும்பாலும் ஷாக் அப்சார்பர் வலுவிழந்ததன் அடையாளம்.

இவ்விடத்திற் பலர் செய்யும் பிழை ஒன்று உண்டு. தேய்ந்த டயரைக் கழற்றிப் புதிய டயரை மாட்டுவர். காரணம் உள்ளேயே இருத்தலின், சில திங்களில் அதுவும் அவ்வாறே தேயும். வேறு சிலர் உடனே அலைன்மெண்ட் பார்க்கச் செல்வர். டை ராடு முனையில் ஆட்டம் இருக்கும்பொழுது அளந்து திருத்திய நேர், பட்டறை வாயிலைத் தாண்டி முதற் பள்ளத்தில் இறங்கியதுமே மாறிவிடும். அதற்குக் கொடுத்த பணம் வீணே.

வண்டி ஒரு பக்கமாக இழுக்குமாயின், முதலில் இருபுற டயர்களின் காற்றையும் அளந்து சமமாக்குதல் வேண்டும். பின்னும் இழுப்பின், சிறிது தொலைவு ஓட்டியபின் சக்கரங்களின் அருகே கையைக் கொண்டுசென்று பார்க்கலாம். ஒன்று மட்டும் மிகச் சூடாக இருந்தால் அங்கே பிரேக் விடாமற் பிடித்துக்கொண்டிருக்கிறது எனலாம். ஒரு குறித்த வேகத்தில் மட்டும் ஸ்டியரிங் நடுங்கினால், பெரும்பாலும் சக்கரத்தின் எடை சுற்றிலும் சமனாக இராது. பள்ளத்தில் இறங்கும்பொழுது 'டக்' என்னும் ஓசை கேட்டால் ரப்பர் புஷ்ஷும் பால் ஜாயிண்டும் ஐயத்திற்குரியன. ஸ்டியரிங்கைச் சிறிது திருப்பியும் சக்கரம் அசையவில்லையாயின், ஆட்டம் எங்கோ உள்ளது. இக்குறி எல்லாவற்றினும் கொடியது. இதனைக் கண்டபின் வண்டியை ஓட்டுதல் தகாது.

அவ்வாட்டம் எங்கே உள்ளது என்று காண எளிய வழி உண்டு. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியால் முன்புறத்தைத் தூக்கி, உறுதியான ஸ்டாண்டின்மேல் இருத்துதல் வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியிற் புகுந்தவர் பலர் உயிரிழந்துள்ளனர். பின்னர்ச் சக்கரத்தை இடமும் வலமுமாகப் பற்றி அசைக்க, ஆட்டம் தோன்றினால் டை ராடு முனையையே முதலில் ஐயுறல் வேண்டும். மேலும் கீழுமாகப் பற்றி அசைக்க, ஆட்டம் தோன்றினால் குறை பேரிங்கிலோ பால் ஜாயிண்டிலோ இருத்தல் கூடும். பழைய வண்டியாயின் கிங் பின்னில் இருத்தலும் உண்டு. இவற்றைப் பிரித்தறியப் பட்டறைகளில் ஓர் உத்தி வழங்குகிறது. ஒருவர் பிரேக்கை அழுத்திக்கொள்ள மற்றவர் மீண்டும் அசைப்பார். ஆட்டம் மறைந்தால் பேரிங், மறையாவிடின் மற்றவை. சிறுபொழுதில் முடியும் இச்சோதனை, தேவையற்ற உறுப்புகளை வாங்கும் செலவைத் தவிர்க்கிறது.

ஷாக் அப்சார்பரைச் சோதிக்க வண்டியின் ஒரு மூலையை அழுத்திக் கையை எடுப்பர். மேலெழுந்து ஒருமுறை தணிந்து நின்றால் நன்று. மேலும் ஆடினால் மாற்றத்தக்கது. எனினும், ஓரளவே தேய்ந்ததை இச்சோதனை காட்டாது. அதன் உடலில் எண்ணெய் வடிந்திருப்பது இதனினும் தெளிந்த சான்று. மாற்றும்பொழுது இடமும் வலமும் சேர்த்தே மாற்றுதல் வேண்டும்.

டை ராடு முனையைக் கழற்றும்பொழுது, மரையில் எத்தனை சுற்று வந்தது என எண்ணிக்கொள்வர். புதியதை அத்தனை சுற்றே ஏற்றினால் சக்கரம் ஏறத்தாழப் பழைய நிலையில் நிற்கும். நட்டை முடுக்கியபின் அதன் ஊடே செருகும் ஸ்பிளிட் பின், மாட்டு வண்டிக் கடையாணிக்கு நிகரானது. பழையதை நிமிர்த்தி மீண்டும் செருகுதல் ஆகாது. வளைந்த ஸ்டியரிங் உறுப்பை நெருப்பிற் காய்ச்சி நிமிர்த்துவாரும் உளர். காய்ச்சிய எஃகு தன் வலிமையை இழந்திருக்கும். அது முறியும் நாளை எவரும் அறியார். புதிய உறுப்பின் விலை அதனை நோக்கச் சிறிதே. ரப்பர் புஷ்ஷை மாற்றுவோர் அதன் போல்ட்டை இறுதியாக முடுக்க வேண்டுவது வண்டி தரையில் இறங்கித் தன் எடையோடு நிற்கும்பொழுதேயாம். சக்கரம் தொங்கும் நிலையில் முடுக்கினால், வண்டி இறங்கியதும் ரப்பர் முறுக்குண்டு விரைவிற் கிழியும்.

இவையெல்லாம் முடிந்தபின்னரே அலைன்மெண்ட் பார்த்தல் முறை. அதன்பின் ஆள் நடமாட்டம் குறைந்த நேர்ச்சாலையில் வண்டியை மெல்ல ஓட்டிப் பார்ப்பர். வளைவு கடந்ததும் பிடியைச் சற்றுத் தளர்த்தினால், ஸ்டியரிங் தானே நேர்நிலைக்கு மீள வேண்டும். மீளாவிடின், எங்கோ ஓர் உறுப்பு இன்னும் இறுகியோ பிறழ்ந்தோ உள்ளது; வண்டி மீண்டும் பட்டறைக்கே செல்லும்.