பள்ளிக்கு வந்த பல் மருத்துவம்

முதல் உலகப் போரின்போது நியூசிலாந்துப் படையில் சேர வந்த இளைஞர் பலரின் பற்கள் சொத்தையாகியிருந்தன. சிறுவயதிலேயே கவனித்திருந்தால் அவற்றைக் காத்திருக்கலாம் என்று பல் மருத்துவர் தாமஸ் ஹண்டர் உணர்ந்தார். ஆனால், பள்ளிகளுக்குச் செல்லப் போதிய மருத்துவர் இல்லை. எனவே, 1921ஆம் ஆண்டு வெலிங்டன் நகரில் இளம்பெண்களுக்கு ஈராண்டுப் பயிற்சி தொடங்கியது. பயிற்சி பெற்ற செவிலியர், காலால் மிதித்து இயக்கும் கருவியால் சொத்தையை அகற்றிப் பற்களை அடைத்தனர். வலிக்கு அஞ்சிய குழந்தைகள் அவ்விடத்தைக் 'கொலை வீடு' என்றே அழைத்தனர்! ஆயினும், ஆண்டுகள் செல்லச் செல்ல, பிடுங்கிய பற்கள் குறைந்தன. காத்த பற்கள் மிகுந்தன.

சொற்பொருள்
செவிலியர் – நோயுற்றோரைப் பேணுபவர்
ஈராண்டு – இரண்டு ஆண்டு

விடை எழுதுக
1. ஹண்டர் எதனை உணர்ந்தார்?
2. 'கொலை வீடு' என்னும் பெயர் பொருத்தமானதா? ஏன்?