அங்கோர்: ஏழு நாளில் ஒரு தலைநகரைக் கற்போம்

நம் ஆலயங்களிலிருந்து யாத்திரை புறப்படும் அன்பர்கள் பெரும்பாலும் தமிழகத்தையோ காசியையோ நோக்கியே செல்கின்றனர். அது முறைதான். ஆயினும் சிங்கப்பூரிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் ஏறத்தாழ இரண்டு மணி நேர விமானப் பயணத்தில், சிவபெருமானுக்கும் திருமாலுக்கும் மலைபோல் கோயில் எடுத்த மன்னர்களின் தலைநகர் ஒன்று இருக்கிறது. கம்போடியாவின் அங்கோர் அது. கி.பி. 9ஆம் நூற்றாண்டு முதல் 15ஆம் நூற்றாண்டு வரை கெமர் பேரரசின் தலைநகராக விளங்கிய இடம். 'நகரம்' என்னும் வடசொல்லே கெமர் மக்களின் நாவில் 'அங்கோர்' எனத் திரிந்தது.

இதுவரை மூன்று முறை நான் அங்குச் சென்றிருக்கிறேன். அவற்றுள் இரண்டு, மூத்தோர் நிறைந்த குழுக்களுடன் சென்ற பயணங்கள். "ஒரு வாரம் இருந்து பார்க்க அங்கே என்ன இருக்கிறது? இரண்டு நாள் போதாதா?" என்று பலர் என்னைக் கேட்பதுண்டு. இரண்டு நாளில் பார்ப்பவர்கள் ஐந்து கோபுரங்களையும், மரவேர் கவ்விய ஒரு கோயிலையும் படமெடுத்துக்கொண்டு திரும்புவர். ஏழு நாள் இருப்பவர்கள், ஒரு தலைநகர் எப்படி எழுந்தது, எதனால் வாழ்ந்தது, எதனால் வாடியது என்பதையும் கற்றுத் திரும்பலாம். அறப்பணிக்குக் கொடுப்பவர்களும் அதை நிர்வகிப்பவர்களும் அறிய வேண்டிய பாடம் அதில் உண்டு.

திட்டத்தின் அடிப்படை

சுற்றுலா நிறுவனங்கள் தூரத்தைக் கணக்கிட்டுச் 'சிறிய சுற்று', 'பெரிய சுற்று' என்று வகுத்திருக்கின்றன. வண்டிக்கு அது வசதி. ஆனால் 12ஆம் நூற்றாண்டுக் கோயிலை முதலிலும் 9ஆம் நூற்றாண்டுக் கோயிலைக் கடைசியிலும் பார்த்தால், பேரனைப் பார்த்த பிறகு பாட்டனைப் பார்ப்பதுபோல் ஆகிவிடும். பெரிய கோபுரங்களைப் பார்த்த கண்ணுக்குப் பழைய செங்கல் கோயில் எளியதாகத் தோன்றும். எனவே கட்டிய வரிசையிலேயே காணுங்கள் என்பது என் முதல் வேண்டுகோள். அதிகாலையிலும் பிற்பகலிலும் மட்டும் கோயில்களைக் காணுங்கள், 11 மணி முதல் 3 மணி வரை விடுதியில் ஓய்வெடுங்கள் என்பது இரண்டாவது. அங்குள்ள வெயில் மூத்தோரை எளிதில் வீழ்த்திவிடும்.

புறப்படுமுன்

நவம்பர் முதல் பிப்ரவரி வரை மழையும் வெப்பமும் குறைவு. ஏப்ரல் மாத வெப்பம் கடுமையானது. மலேசியக் கடப்பிதழும் சிங்கப்பூர்க் கடப்பிதழும் உடையவர்கள் 30 நாள் வரை விசா இன்றித் தங்கலாம். ஆனால் விமானத்தில் செல்வோர் வருகைப் படிவத்தை முன்கூட்டியே இணையத்தில் நிரப்ப வேண்டும். 2023 அக்டோபரில் திறக்கப்பட்ட புதிய விமான நிலையம் சியாம் ரீப் நகரிலிருந்து 40 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கிறது. ஆகவே வண்டியை முன்பே பேசி வையுங்கள்.

அங்கோர் நுழைவுச்சீட்டு ஒரு நாளுக்கு 37, மூன்று நாளுக்கு 62, ஏழு நாளுக்கு 72 அமெரிக்க வெள்ளி. நம் திட்டத்தில் ஐந்து நாள் சீட்டுத் தேவைப்படுவதால் ஏழு நாள் சீட்டே சிக்கனம். ஒரு மாதத்துக்குள் எந்த ஏழு நாளிலும் அதைப் பயன்படுத்தலாம். ஒவ்வொரு சீட்டிலிருந்தும் 2 வெள்ளி, ஏழைக் குழந்தைகளுக்கு இலவச சிகிச்சை அளிக்கும் காந்தா போபா மருத்துவமனைக்குச் செல்கிறது. 12 வயதுக்கு உட்பட்டோருக்குக் கட்டணம் இல்லை. வயதைக் காட்டக் கடப்பிதழ் வேண்டும்.

தோளும் முழங்காலும் மறைய உடுத்துங்கள். அமெரிக்க வெள்ளி எங்கும் செல்லும், ஆனால் கிழிந்த நோட்டை யாரும் வாங்கமாட்டார்கள். சைவ உணவு உண்போர், மீன் சாறும் சேர்க்க வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். 2025 ஜூலையில் தாய்லாந்து எல்லையில் சண்டை மூண்டதால், எல்லைப்புறக் கோயிலான பிரியா விஹாரை இத்திட்டத்தில் சேர்க்கவில்லை. புறப்படும் வாரத்தில் நம் வெளியுறவு அமைச்சின் பயண அறிவுரையையும் படித்துவிடுங்கள்.

முதல் நாள்: அரும்பொருளகம்

வந்து இறங்கிய நாளில் சியாம் ரீப்பிலுள்ள அங்கோர் தேசிய அரும்பொருளகம் ஒன்றே போதும். மன்னர்களின் பெயர்களையும் வரிசையையும் அங்கே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். குளிரூட்டிய கூடத்தில் மூத்தோர் அமர்ந்து கேட்கலாம். கி.பி. 802இல் குலேன் மலையில் இரண்டாம் ஜெயவர்மன் பேரரசனாக முடிசூடிய செய்தியிலிருந்து கதை தொடங்குகிறது.

இரண்டாம் நாள்: ரொலுவாஸ்

நகருக்குக் கிழக்கே சுமார் 13 கிலோமீட்டரில் இருக்கிறது பழைய தலைநகரான ஹரிஹராலயம். அரனும் அரியும் ஒன்றான பெயர். முதலாம் இந்திரவர்மன் 879இல் தம் முன்னோர் நினைவாகச் செங்கல்லால் பிரியா கோ கோயிலை எழுப்பினான். 'புனித எருது' என்பது அப்பெயரின் பொருள். வாயிலில் நந்திகள் இன்றும் அமர்ந்திருக்கின்றன. 881இல் சிவபெருமானுக்காக எடுத்த பாகோங், அங்கோரில் கல்லால் அமைந்த முதல் பெரிய மலைக்கோயில்.

ஆனால் கோயில்களுக்கும் முன்பே அம்மன்னன் தொடங்கிய பணி, 3.8 கிலோமீட்டர் நீளமுள்ள இந்திரதடாகம் என்னும் ஏரி. முதலில் நீர், பிறகு முன்னோர், பிறகு இறைவன் கோயில் என்னும் முறை இங்கே தொடங்குகிறது. ஏரியின் நடுவில் லோலே கோயிலைக் கட்டியவன் அவன் மகன் முதலாம் யசோவர்மன். இன்று ஏரி வயலாகிவிட்டது.

மூன்றாம் நாள்: யசோதரபுரம்

யசோவர்மன் தலைநகரை மாற்றி, பாக்கெங் குன்றின்மேல் சிவன் கோயில் எடுத்தான். மாலையில் அங்கு ஒரே நேரத்தில் 300 பேரை மட்டுமே அனுமதிப்பதால், காலையில் ஏறுவது நல்லது. அவன் வெட்டிய கிழக்கு ஏரி ஏறத்தாழ 7.5 கிலோமீட்டர் நீளம். பிற்பகலில், இராஜேந்திரவர்மன் 10ஆம் நூற்றாண்டின் நடுவில் கட்டிய கிழக்கு மேபோனையும் பிரே ரூப்பையும் பாருங்கள். மேபோனின் மூலைகளில் கல்யானைகள் நிற்கின்றன. முன்பு படகில் சென்று தொழுத கோயிலுக்கு இன்று வண்டி செல்கிறது என்பதை அங்கே நினைவில் கொள்ளுங்கள்.

நான்காம் நாள்: பந்தியாய் ஸ்ரேய்

இந்த நாளைத் தமிழர் எவரும் தவறவிடக் கூடாது. நகரிலிருந்து சுமார் 35 கிலோமீட்டரில் உள்ள இச்சிவன் கோயில் 967இல் குடமுழுக்குக் கண்டது. இதை எடுத்தவர் மன்னர் அல்லர். அரசகுருவாகிய யக்ஞவராகர் என்னும் அறிஞர். இளஞ்சிவப்பு மணற்கல்லில் மரச்சிற்பம்போல் நுணுக்கமாகச் செதுக்கிய கோயில்.

கிழக்குக் கோபுர முகப்பில் சிவபெருமான் பல கரங்களுடன் ஆடுகிறார். அவர் திருவடிப் பக்கத்தில் எலும்பும் நரம்புமாய் வற்றிய மேனியுடன் ஓர் அம்மை அமர்ந்திருக்கிறார். காரைக்கால் அம்மையார் அவர் என்பது அறிஞர்கள் கண்ட முடிவு. என் குழுவில் வந்த பெண்மணிகள் அங்கே பேச்சற்று நின்றார்கள். காரைக்காலில் பிறந்து பேயுருவை வரமாகக் கேட்டுப் பெற்ற அம்மையின் வரலாறு, கடல் கடந்து கெமர் சிற்பியின் உளிக்கு எட்டியிருக்கிறது. இரு நாட்டுக்கும் இருந்த உறவுக்கு வேறு சான்றும் உண்டு. காம்போஜ மன்னன் நட்பை நாடி இராஜேந்திர சோழனுக்குத் தேர் அனுப்பியதைக் கரந்தைச் செப்பேடு கூறுகிறது.

கால்வலு உள்ளவர்கள் மேலும் வடக்கே கபால் ஸ்பியன் சென்று, சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் காட்டுப் பாதையில் ஏறலாம். ஆற்றின் படுகையிலேயே இலிங்கங்கள் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றைத் தழுவி வரும் நீர் கீழே தலைநகருக்குத் தீர்த்தமாகப் பாய்ந்தது. பாதையைவிட்டு விலகாதீர்கள். போர்க்காலக் கண்ணிவெடிகள் கம்போடியாவின் தொலைதூரக் காடுகளில் இன்னும் முற்றாக அகற்றப்படவில்லை.

ஐந்தாம் நாள்: அங்கோர் வாட்

இரண்டாம் சூரியவர்மன் 12ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் திருமாலுக்கு எடுத்த கோயில். அகழியின் அகலம் மட்டும் 190 மீட்டர். ஒரு முழு நாளை இதற்கே ஒதுக்குங்கள். காலையில் கோபுரங்கள், பிற்பகலில் திருச்சுற்றுச் சிற்பங்கள்.

மேற்கு வாயிலில் நுழைந்து வலப்பக்கம் திரும்பினால் குருட்சேத்திரப் போர். தென்சுற்றில் மன்னனின் ஊர்வலமும் எமதருமனின் தீர்ப்பும். கிழக்குச் சுற்றில் பாற்கடல் கடையும் காட்சி 49 மீட்டர் நீளத்துக்கு விரிகிறது. ஒருபுறம் 92 அசுரர், மறுபுறம் 88 தேவர். நாம் வலம் வரும் திசைக்கு இது எதிர்த்திசை. கோயிலும் மேற்கு நோக்கியே நிற்கிறது. எனவே இது மன்னனின் பள்ளிப்படையாகவும் இருக்கலாம் என்று கருதும் அறிஞர் உண்டு.

உச்சி மாடத்துக்குச் செல்லும் படி மிகச் செங்குத்தானது. மூத்தோர் கீழேயே இருந்து தரிசிக்கலாம். பௌத்தப் புனித நாள்களில் அது மூடியிருக்கும். பிற்காலத்தில் பௌத்தக் கோயிலாகிவிட்டபோதும், மேற்கு வாயிலில் நிற்கும் எட்டுக் கரத் திருமாலுக்கு ஊர் மக்கள் இன்றும் மலரும் ஊதுவத்தியும் சாத்துகின்றனர். பக்தி அறுபடாததால் கட்டடமும் பிழைத்தது. 1986 முதல் 1993 வரை இங்கே சீரமைப்புப் பணி செய்தவர்கள் இந்தியத் தொல்லியல் துறையினர்.

ஆறாம் நாள்: அங்கோர் தோம், தா ப்ரோம்

1177இல் சாம்பா நாட்டார் தலைநகரைச் சூறையாடினர். 1181இல் முடிசூடிய ஏழாம் ஜெயவர்மன், பக்கத்துக்கு 3 கிலோமீட்டர் நீளமுள்ள மதிலுடன் அங்கோர் தோமை எழுப்பினான். அவன் மகாயான பௌத்தன். நடுவே உள்ள பாயோனில் கல்முகங்கள் எல்லாத் திசையும் நோக்குகின்றன.

அறப்பணி அன்பர்கள் அதிகம் சிந்திக்க வேண்டிய இடம் தா ப்ரோம். பலரும் மரவேரைப் படமெடுப்பர். நீங்கள் இங்கே கிடைத்த 1186ஆம் ஆண்டுக் கல்வெட்டின் செய்தியைக் குழுவினருக்குப் படித்துக் காட்டுங்கள். இந்த ஓர் அறநிலையத்துக்கு 3,140 ஊர்கள் எழுதிவைக்கப்பட்டன. 79,365 பேர் இதற்காக உழைத்தனர். அரிசி, எள், நெய், தேன், மெழுகு, சந்தனம் எல்லாம் அளவு குறித்து எழுதப்பட்டுள்ளன. நாடெங்கும் 102 ஆரோக்கியசாலைகள் இருந்ததையும் அதே கல்வெட்டு சொல்கிறது. அன்னமும் மருந்தும் கோயிலின் கணக்கில் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே இருந்திருக்கின்றன.

ஏழாம் நாள்: நீர்

கடைசி நாள் காலையில் மேற்கு ஏரிக்குச் செல்லுங்கள். 8 கிலோமீட்டர் நீளமுள்ள அதில் இன்றும் நீர் நிற்கிறது. நேரமிருந்தால் தொன்லே சாப் ஏரிக்கும் போகலாம். மழைக்காலத்தில் மீகாங் ஆறு பெருகும்போது, தொன்லே சாப் ஆறு திசைமாறி ஏரிக்குள் பாயும். ஏரி பல மடங்கு விரியும். அந்த மீனும் நெல்லுமே இத்தலைநகருக்குச் சோறிட்டன.

1431இல் அயுத்தயாப் படை அங்கோரைக் கைப்பற்றியது. ஆனால் அதற்கு முன்பே நகர் நோயுற்றிருந்தது. மர வளையங்களை ஆராய்ந்தவர்கள், 14, 15ஆம் நூற்றாண்டுகளில் நெடிய வறட்சியும் இடையிடையே கடும் மழையும் வந்ததைக் கண்டனர். கால்வாய்கள் அரிந்தன, சில மணலால் தூர்ந்தன. பழுதைத் தொடர்ந்து சரிசெய்யும் வலு நகருக்கு இல்லாமற்போனது. 1992இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தபோதே, அழியும் அபாயத்தில் உள்ளது என்றும் அங்கோரைக் குறித்தது. பல நாட்டினர் சேர்ந்து செய்த பராமரிப்பின் பயனாக 2004இல் அக்குறிப்பு நீங்கியது.

நாம் கொண்டுவர வேண்டியது

இந்த ஏழு நாளையும் வரிசைப்படி கண்டவருக்கு ஒன்று தெளிவாகும். கோயிலை எடுத்த மன்னர்களின் பெயர் கல்லில் இருக்கிறது. ஆண்டுதோறும் கால்வாயைத் தூர்வாரியவர்களின் பெயர் எங்கும் இல்லை. ஆனால் அவர்கள் கை ஓய்ந்தபோதுதான் நகரும் ஓய்ந்தது.

நம் முன்னோர் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு என்று வகுத்ததன் அருமை எனக்கு அங்கோரில்தான் முழுமையாக விளங்கியது. விழா என்ற பெயரில் கட்டடத்தைப் பழுதுபார்க்கவும், கணக்கைச் சரிபார்க்கவும், அடுத்த தலைமுறையைப் பொறுப்பேற்க வைக்கவும் அவர்கள் செய்த ஏற்பாடு அது. புதிய மண்டபத்துக்குக் கொடுக்க முன்வருவோர் பலர். ஒழுகும் கூரைக்கும் வடிகாலுக்கும் மின்கம்பிக்கும் கொடுப்போர் சிலர். அங்கோர் சென்று திரும்பும் அன்பர்கள் அந்தச் சிலரோடு சேர்ந்துகொள்வார்களானால், ஏழு நாளும் 72 வெள்ளியும் நல்ல செலவே. பயணம் இனிதே அமைய இறைவன் அருள்வானாக.