வாழ்வின் எட்டுப் படிகள்

எமது ஆலயத்தின் ஞாயிறு தமிழ் வகுப்பில் சென்ற தவணை "நான் யார்?" என்ற தலைப்பில் பத்து வரிகள் எழுதும்படி பிள்ளைகளைக் கேட்டோம். பெரும்பாலானோர் பெயர், வயது, பெற்றோர், பிடித்த உணவு என்று எழுதி முடித்தனர். பதினான்கு வயது மாணவர் ஒருவர் மட்டும், "பள்ளிக்கூடத்தில் எங்கே இருந்து வந்தாய் என்று கேட்கிறார்கள். யாழ்ப்பாணம் போனால் வெளிநாட்டுப் பிள்ளை என்கிறார்கள்" என்று இரண்டு வரிகளுடன் நிறுத்திவிட்டார். கொப்பி திருத்திய எமக்கு அதற்கு எத்தனை புள்ளி போடுவதென்று தெரியவில்லை.

இக்கேள்வியைத் தம் வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்த எரிக் எரிக்ஸன் என்னும் உளவியல் அறிஞரின் கருத்துகளை இவ்விதழில் வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றோம்.

எரிக்ஸன் 1902ஆம் ஆண்டு ஜேர்மனியின் பிராங்க்பேர்ட் நகரில் பிறந்தவர். தாயார் டென்மார்க்கைச் சேர்ந்த யூதப் பெண்மணி. தம்மைப் பெற்ற தந்தை யாரென்பதை அவர் இறுதிவரை அறியவில்லை. தாயார் மறுமணம் புரிந்த குழந்தை வைத்தியரின் இல்லத்திலேயே வளர்ந்தார். பொன்னிற முடியும் நீலக் கண்களும் கொண்ட அவரை யூத ஆலயத்தில் வேற்றினத்தான் என்றனர். பள்ளிக்கூடத்திலோ யூதன் என்று கேலி செய்தனர். வியன்னாவில் அன்னா பிராய்டிடம் உளப்பகுப்பாய்வு பயின்ற அவர், ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933இல் குடும்பத்துடன் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். எரிக்ஸன் என்ற பெயரும் அங்கு குடியுரிமை பெற்றபோது அவர் தாமே சூடிக்கொண்டதாகும். எமது மாணவரின் இரண்டு வரிகள் அவருக்கு நன்கு விளங்கியிருக்கும்.

1950இல் வெளிவந்த 'குழந்தைப் பருவமும் சமூகமும்' என்ற நூலில் மனித வாழ்வை எட்டுப் படிகளாக அவர் வகுத்தார். ஒவ்வொரு படியிலும் இரு எதிர் உணர்வுகள் மோதுகின்றன என்பது அவர் கருத்து.

1. நம்பிக்கையும் அவநம்பிக்கையும் (முதல் ஒன்றரை வயது வரை): அழுதால் யாராவது தூக்குவார்கள் என்று குழந்தை அறிகின்றது.

2. தன்னாட்சியும் வெட்கமும் (மூன்று வயது வரை): "நானே செய்வேன்" என்று அடம்பிடிக்கும் காலம்.

3. முன்முயற்சியும் குற்றவுணர்வும் (ஐந்து வயது வரை): கேள்விகளும் விளையாட்டுகளும் பெருகுகின்றன. ஓயாமல் ஏசினால் முயல்வதே தவறென்று பிள்ளை எண்ணிவிடும்.

4. உழைப்பூக்கமும் தாழ்வுணர்வும் (பன்னிரண்டு வயது வரை): தன்னால் இயலும் என்பதைப் பள்ளியில் கற்கும் பருவம். அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவது இங்கே ஆறாத காயமாகலாம்.

5. தன்னடையாளமும் அடையாளக் குழப்பமும் (பதின்ம வயது): "நான் யார்?" என்ற கேள்வி எழுகின்றது.

6. நெருக்கமும் தனிமையும் (இளமைக் காலம்): நட்பும் இல்லறமும் அமையும் பருவம்.

7. ஆக்கமும் தேக்கமும் (நடுவயது): அடுத்த தலைமுறைக்கு எதையாவது வளர்த்துக் கொடுக்கும் விருப்பம். அது இல்லாதவர் தம்மைச் சுற்றியே சுழன்று தேங்கிவிடுவர்.

8. நிறைவும் விரக்தியும் (முதுமை): கடந்து வந்த வாழ்வைத் திரும்பிப் பார்த்து, அதனை ஏற்கும் காலம்.

இவ்வயதுகள் அண்ணளவானவையே. அவநம்பிக்கை முற்றிலும் கூடாது என்றும் இல்லை. முன்பின் தெரியாதவரிடம் குழந்தை தயங்குவது நல்லதே. நம்பிக்கை ஓங்கி நிற்க வேண்டும் என்பதே கருத்து. ஒரு படியில் தவறியதைப் பிற்காலத்தில் ஈடுசெய்யவும் இயலும். மேலைநாட்டு வாழ்க்கையை, அதிலும் ஆண்களின் வாழ்க்கையை, பெரிதும் ஒட்டியே இவ்வாய்வு அமைந்தது என்று குறை கூறுவோரும் உளர். அவரது துணைவியார் ஜோன் எரிக்ஸன் தள்ளாத முதுமைக்கென ஒன்பதாம் படியையும் சேர்த்து, 1997இல் வெளிவந்த விரிவாக்கப் பதிப்பில் எழுதினார்.

நம்மவர்க்கு இச்சிந்தனை புதிதன்று. பிரமச்சரியம், இல்லறம், வானப்பிரஸ்தம், சந்நியாசம் என்று நான்கு நிலைகளை நம் முன்னோர் வகுத்தனர். அகமதாபாத் ஆலைத் தொழிலாளரின் 1918ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தை மையமாக வைத்துக் காந்தியடிகளைப் பற்றி 1969இல் நூல் எழுதிய எரிக்ஸனும் இந்நிலைகளைக் கவனித்தவரே. ஆனால் ஆசிரம முறை மாணவப் பருவத்திலிருந்துதான் தொடங்குகின்றது. எரிக்ஸனோ எட்டில் நான்கு படிகளைப் பன்னிரண்டு வயதுக்குள் வைத்தார். மழலையைக் காப்பு, செங்கீரை, தால், சப்பாணி என்று பத்துப் பருவங்களாகப் பார்த்துப் பாடிய பிள்ளைத்தமிழ்ப் புலவர்களை இங்கு நினைவுகூரலாம்.

இனி எமது மண்டபத்துக்கு வருவோம். வகுப்பு முடியும்வரை பின்வரிசைக் கதிரைகளில் ஏழெட்டுப் பெரியவர்கள் காத்திருப்பர். பேரப்பிள்ளைகளைக் கூட்டிவந்து கூட்டிச்செல்வதே நாம் அவர்களுக்குக் கொடுத்திருக்கும் வேலை. ஐந்தாம் படியில் நிற்பவர் முன்வரிசையில். எட்டாம் படியில் நிற்பவர் பின்வரிசையில். முன்னவர்க்குத் தம் வேர் தெரிய வேண்டும். பின்னவர்க்குத் தம் கதையைக் கேட்க ஒருவர் வேண்டும். இருவரையும் ஒன்றாய் இருத்துவது ஏழாம் படியில் நிற்கும் நமது கடமையல்லவா?

அடுத்த வாரமே பிள்ளைகளைப் பின்வரிசைக்கு அனுப்பினோம். "பதினான்கு வயதில் நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டுவரச் சொன்னோம். இரண்டு வரி எழுதிய அந்த மாணவர் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவரின் அருகே அமர்ந்தார். படிப்புக்காகப் பதினான்கு வயதில் தீவிலிருந்து பட்டினத்துக்கு வந்து, அங்கே "தீவான்" என்றும், விடுமுறைக்கு ஊர் போனால் "பட்டினத்தான்" என்றும் அழைக்கப்பட்ட கதையை அவர் சொன்னாராம். மாணவர் இரண்டு பக்கம் எழுதி வந்தார். "இதை என்னட்டை ஒருவரும் இதுவரை கேட்டதில்லை, தம்பி" என்று பெரியவர் கூறியது அதன் கடைசி வரி.

இதனைச் சென்ற ஆண்டே செய்ய எண்ணி, திருவிழா முடியட்டும், விடுமுறை கழியட்டும் என்று தள்ளிப்போட்டோம். அதற்கிடையில் பின்வரிசையில் ஒரு கதிரை வெறுமையாகிவிட்டது. அவர் கதையை நாம் யாரும் எழுதி வைக்கவில்லை.

ஆகவே பெற்றோரே, இன்றிரவு உங்கள் பிள்ளையை அம்மம்மாவின் அருகிலோ அப்பப்பாவின் அருகிலோ இருத்துங்கள். ஊரில் இருப்பவராயின் தொலைபேசியில் பேசவிடுங்கள். ஒரே ஒரு கேள்வி போதும். மிகுதியை அவர்கள் இருவரும் பார்த்துக்கொள்வர்.