எண்ணிக்கை குறையாத குறை

குழந்தைக்கு அடிக்கடி மூக்கிலிருந்து குருதி வடிகிறது. பால்பல் விழுந்த இடத்தில் கசிவு நிற்பதில்லை. இலேசாகப் பட்டாலும் தோல் கன்றிவிடுகிறது. ஆய்வகத்தில் எண்ணிப் பார்த்தாலோ, இரத்தத் தட்டுகள் ஒரு மைக்ரோ லிட்டருக்கு 1,50,000 முதல் 4,50,000 வரை என்னும் இயல்பான அளவில் உள்ளன. 'குறையொன்றும் இல்லை' எனப் பெற்றோர் வீடு திரும்புவர். குறை எண்ணிக்கையில் இல்லை, செயலில் உள்ளது.

சுவிட்சர்லாந்து நாட்டுக் குழந்தைநல மருத்துவர் கிளான்ஸ்மன் 1918ஆம் ஆண்டில் இந்நோயை விளக்கினார். இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. இரத்தக்குழாயில் காயம் ஏற்பட்டதும் தட்டுகள் ஃபைப்ரினோஜன் என்னும் புரதத்தைப் பற்றி, ஒன்றோடொன்று இணைந்து அடைப்பை உண்டாக்கும். இந்நோயில், அப்புரதத்தைப் பற்றும் ஏற்பி தட்டுகளில் இல்லை, இருந்தாலும் பழுதுபட்டிருக்கும். செங்கல் குவிந்து கிடந்தும் சாந்து பிடிக்காவிட்டால் சுவர் எழுமா?

பெற்றோர் இருவரும் நலமாகவே இருப்பர். எனினும் குறையுள்ள மரபணுவை இருவரும் சுமந்திருப்பின், ஒவ்வொரு மகப்பேற்றிலும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்றாகும். உறவுக்குள் மணம் முடிக்கும் குடும்பங்களில் இவ்வாய்ப்பு மிகுதி. நம் மாணவர்கள் இதனைச் சற்று நின்று படித்தல் நன்று.

ஆண், பெண் இருபாலரையும் இந்நோய் தாக்கும். பூப்பெய்தும் சிறுமிக்கு முதல் உதிரப்போக்கே உயிருக்கு இடராகலாம். அதனைப் 'பெண்களுக்கு இயல்புதான்' என ஒதுக்குவது கொடிது. இக்குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கொடுத்தல் ஆகாது. பல் பிடுங்குவதற்கு முன்பே மருத்துவரிடம் நோயைத் தெரிவித்துவிட வேண்டும்.